ஓரத்தில் பிறந்த பெயர்

எச்டிஎம்எல், எக்ஸ்எம்எல், எம்எக்ஸ்எம்எல், எக்ஸ்ஏஎம்எல். கணினித் திரையையும் கைப்பேசித் திரையையும் அமைக்கும் மொழிகளின் பெயர்களை அடுக்கிப் பார்த்தால், ஈற்றில் ‘எம்எல்’ என்ற இரண்டு எழுத்துகள் விடாமல் வருகின்றன. ‘எல்’ என்பது லாங்குவேஜ், மொழி. ‘எம்’ என்பது மார்க்கப். பொத்தான், பட்டியல், படிவம், ஜன்னல் என்று திரையில் நாம் தொடுகிற எல்லாவற்றையும் விவரிக்கிற மொழிக்கு ‘மார்க்கப்’ என்று ஏன் பெயர் வந்தது? பாடப்புத்தகங்களில் விரிவாக்கம் கிடைக்கும். காரணம் கிடைப்பது அரிது.

பெயர்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் நன்னூல் பிரித்தது. மண், மரம் என்பவை முன்னோர் இட்டபடி வழங்குபவை. பறவை, நாற்காலி என்பவை தம் காரணத்தைத் தாமே சொல்பவை. ஒரு சொல்லின் காரணம் பார்த்த மாத்திரத்தில் புலப்பட்டுவிடாது என்று அதற்கும் முன்பே தொல்காப்பியர் உரியியலில் உணர்த்தியிருக்கிறார். மார்க்கப் அத்தகைய சொல். வெளியே இடுகுறிபோலத் தெரியும். உள்ளே காரணம் இருக்கிறது. அதைக் காண வேண்டுமானால் கணினியை விட்டு அச்சகத்துக்குப் போக வேண்டும். அதற்குக் கொல்கத்தா மிகப் பொருத்தமான ஊர்.

அச்சு நகரம்

ஹால்ஹெட் எழுதிய வங்காள இலக்கணம் 1778இல் ஹூக்ளியில் அச்சானது. அதற்கான வங்க எழுத்துகளைச் சார்லஸ் வில்கின்ஸ் வடித்தார். அவருக்குத் துணை நின்ற கொல்லர் பஞ்சானன் கர்மகார் பின்னர் செராம்பூர் மிஷன் அச்சகத்தின் எழுத்து வார்ப்புக்கு அடித்தளம் இட்டார். 1780 ஜனவரியில் ஹிக்கியின் பெங்கால் கெஜட் கல்கத்தாவில் வெளிவந்தது. 1800இல் செராம்பூர் அச்சகம் தொடங்கியது. 1812 மார்ச்சில் அந்த அச்சகத்தைத் தீ அழித்தது. எழுத்து வார்க்கும் அச்சுகள் தப்பியதால் வேலை விரைவில் மீண்டும் தொடங்கியது. அடுத்த ஆண்டே தமிழ்ப் புதிய ஏற்பாடு ஒன்று அங்கிருந்து வெளிவந்தது. ஹூக்ளிக் கரையின் அச்சுக் கதையில் தமிழுக்கும் பங்கு உண்டு.

1847இல் ஈஸ்வர சந்திர வித்யாசாகர், மதன்மோகன் தர்க்காலங்காருடன் சேர்ந்து சம்ஸ்கிருத அச்சகத்தை நிறுவினார். வங்காளக் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்த ‘வர்ணபரிசய்’ 1855இல் வந்தது. புத்தகம் எழுதியதோடு அவர் நிற்கவில்லை. அச்சுக்கோப்பவரின் பெட்டியில் எந்த எழுத்து எந்த அறையில் இருந்தால் கை விரைவாகப் போகும் என்று வகுத்தார். அந்த ஒழுங்கை வங்காள அச்சுத் தொழிலாளர் ‘வித்யாசாகர் சாட்’ என்று அழைத்தார்கள். இன்றைய சொல்லில் சொன்னால், அது ஒரு பயனர் இடைமுகச் சீர்திருத்தம்.

இத்தகைய அச்சகங்களில் மூவர் கை கோத்தால்தான் ஒரு பக்கம் உருவாகும். எழுத்தாளர் கைப்பிரதி தருகிறார். பதிப்பாசிரியர் அதன்மேல் குறிகள் இடுகிறார். அச்சுக்கோப்பவர் குறிகளைப் பார்த்து ஈய எழுத்துகளை அடுக்குகிறார். ஆங்கில அச்சகங்களில் ஒரு சொல்லின் கீழ் ஒற்றைக் கோடு போட்டால் சாய்வெழுத்து, இரட்டைக் கோடு போட்டால் சிறிய தலைப்பெழுத்து, மூன்று கோடு போட்டால் பெரிய எழுத்து, அலைக்கோடு போட்டால் தடித்த எழுத்து. எழுத்தின் அளவு, வரிகளுக்கு இடையே வைக்க வேண்டிய ஈயத் தகட்டின் கனம் போன்ற விவரங்கள் ஓரத்தில் எழுதப்படும். இப்படிக் கைப்பிரதியைக் குறிகளால் நிரப்பி அச்சுக்குத் தயார் செய்யும் வேலைக்குத்தான் ‘மார்க் அப்’ என்று பெயர். ‘அப்’ என்பதற்கு இங்கே ‘மேலே’ என்று பொருள் இல்லை. ‘குறித்துவிடு’ என்னும்போது ‘விடு’ செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது: செயல் முழுமையாக முடிந்தது என்று காட்டுகிறது. வணிகர்கள் சொல்லும் விலையேற்ற ‘மார்க்கப்’ வேறு. 2004இல் ஜான் கிரூபர் ஓர் எளிய எழுத்துமுறையை வெளியிட்டபோது, இந்த ‘அப்’பை ‘டவுன்’ ஆக்கி ‘மார்க்டவுன்’ என்று சொல் விளையாடினார்.

குறியும் எல்லையும்

‘மார்க்’ என்ற சொல்லின் வேர் நம்மை நிலத்துக்கு அழைத்துச் செல்கிறது. பழைய ஆங்கிலத்தில் அதன் முதற்பொருள் எல்லை. எல்லையைக் காட்ட நட்ட அடையாளம், பிறகு எந்த அடையாளமும் என்று பொருள் விரிந்தது. டென்மார்க் என்ற நாட்டின் பெயரில் உள்ள ‘மார்க்’ எல்லைநிலத்தைக் குறிக்கும். லத்தீனில் ஓரத்தைக் குறிக்கும் ‘மார்கோ’ இதே மூலத்திலிருந்து வந்தது. ‘மார்ஜின்’ அதன் வழி வந்த சொல். பாரசீகத்தில் எல்லையைக் குறிக்கும் ‘மர்ஸ்’ என்பதும் உறவுச் சொல்தான். ஆக, பக்கத்தின் மார்ஜினில் மார்க் இடுவது என்பது, ஒரே வேரில் கிளைத்த இரண்டு சொற்கள் நெடுங்காலம் கழித்து ஒரு தாளில் சந்திப்பது.

வங்காளத்தில் இதற்கு ஓர் அழகிய இணை உண்டு. புத்தகத்தில் முக்கியமான வரியின் கீழ் கோடிடுவதை ‘தாக் தேவா’ என்பார்கள். ‘தாக்’ பாரசீகத்திலிருந்து வந்தது. சூட்டுக்குறி, வடு, கறை என்ற பொருள்கள் அதற்கு உண்டு. அதே சொல் வங்காள நில ஆவணத்திலும் இருக்கிறது. நாம் சர்வே எண் என்று சொல்கிற மனை எண் அங்கே ‘தாக் நம்பர்’. ஐரோப்பாவில் நில எல்லையிலிருந்து தாளுக்கு வந்த பொருள், வங்காளத்தில் தாளிலும் நிலத்திலும் ஒருசேர நிற்கிறது. குறி இடுவது என்றால், ஒன்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரையறுப்பது. இன்றைய மார்க்கப் மொழிகள் செய்வதும் அதுவே: ஒரு தொடக்கக் குறி, ஒரு முடிவுக் குறி, நடுவே உள்ளது இன்னது என்று ஒரு பெயர்.

ஏவலும் அறிவிப்பும்

ஓரக்குறிகளில் இரண்டு வகை உண்டு. ‘12 பாயிண்ட், தடித்த எழுத்து, நடுவில் வை’ என்பது ஒருவகை. ‘இது தலைப்பு’ என்பது மற்றொன்று. முதலாவது கட்டளை. இரண்டாவது, பொருள் என்ன என்று மட்டும் சொல்கிறது; அதை எப்படிக் காட்டுவது என்பதை அச்சகத்தின் வழக்கத்துக்கு விட்டுவிடுகிறது. 1967 செப்டம்பரில் கனடா அரசு அச்சகத்தில் நடந்த கூட்டத்தில் வில்லியம் டனிக்ளிஃப் இந்த இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று பேசினார். உள்ளடக்கம் வேறு, தோற்றம் வேறு. அதே காலத்தில் நியூயார்க்கில் ஸ்டான்லி ரைஸ் என்ற புத்தக வடிவமைப்பாளர், நூலின் உறுப்புகளுக்குப் பொதுவான குறிப்பெயர்கள் வேண்டும் என்று முன்மொழிந்தார். கணினியை நோக்கி இந்தச் சொல் எடுத்துவைத்த முதல் அடிகள் அச்சுத் துறையின் அடிகள்.

இந்த இரண்டு வகைக்கும் தமிழ் இலக்கணத்தில் பெயர் தேட வேண்டியதே இல்லை. முதலாவது ஏவல். வங்காள இலக்கணம் அதை ‘அனுஜ்ஞா’ என்னும். இரண்டாவது செய்தி வாக்கியம். நிரலாக்கத்திலும் இதே பிரிவு உண்டு. ‘இந்த இடத்தில் ஒரு செவ்வகம் வரை, உள்ளே நிறம் பூசு, நடுவில் இந்த எழுத்துகளை வை, யாராவது தொட்டால் நிறத்தை மாற்று’ என்று படிப்படியாக ஆணையிடுவது ‘இம்பெரேட்டிவ்’ முறை, அதாவது ஏவல் நடை. ‘இங்கே சேமி என்ற பொத்தான் இருக்கிறது’ என்று அறிவித்துவிட்டு, வரைகிற வேலையைப் பொறியிடம் விடுவது ‘டிக்ளரேட்டிவ்’ முறை. டிக்ளர் என்பதன் லத்தீன் மூலத்துக்கு ‘தெளிவாக்கு’ என்று பொருள். அறிவிப்பு நடை தன் பெயருக்கு ஏற்ப, நாம் விரும்புவது என்ன என்பதைத் தெளிவாக்குகிறது.

மூன்று பேரின் முதலெழுத்து

1969இல் ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி மூவரும் வழக்கறிஞர் அலுவலகங்களுக்கான ஓர் ஆவண அமைப்பில் வேலை செய்தார்கள். திருத்தும் நிரல், தேடும் நிரல், அச்சடிக்கும் நிரல் என்று மூன்று. மூன்றும் ஒரே ஆவணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். எழுத்தின் அளவைச் சொல்லும் கட்டளை தேடும் நிரலுக்கு உதவாது. ‘இது தலைப்பு’, ‘இது தேதி’ என்ற அறிவிப்பு மூன்றுக்கும் உதவும். அதற்காக அவர்கள் உருவாக்கிய மொழிதான் ஜிஎம்எல். விரிவாக்கம் ‘ஜெனரலைஸ்டு மார்க்கப் லாங்குவேஜ்’. ஜி, எம், எல் என்பவை கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி மூவரின் முதலெழுத்துகளும்கூட. தங்கள் பெயர்கள் அதில் நிலைத்திருக்க வேண்டும் என்றே அப்படிப் பெயரிட்டதாகக் கோல்ட்ஃபார்ப் பின்னாளில் எழுதினார்.

நன்னூல் பார்வையில் இது அரிய பெயர். ஒரு காரணம் வெளிப்படை, ஒரு காரணம் மறைவு. ‘எம்’ மோஷரையும் குறிக்கிறது, அச்சகத்தின் மார்க்கப்பையும் குறிக்கிறது. இன்று உலகம் முழுவதும் புழங்கும் ‘எம்எல்’ என்ற வால் இங்கே முளைத்தது. ஜிஎம்எல் வளர்ந்து எஸ்ஜிஎம்எல் ஆகி 1986இல் பன்னாட்டுத் தரம் பெற்றது. அதன் எண் ஐஎஸ்ஓ 8879. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் அந்த வழியில் வந்த குறிகள் புழக்கத்தில் இருந்தன. டிம் பெர்னர்ஸ்-லீ அவற்றிலிருந்து சிலவற்றை எடுத்து எச்டிஎம்எல்லை அமைத்தார். 1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் வந்தது.

பக்கம் திரையாகிறது

அதுவரை மார்க்கப் ஆவணத்துக்கான சொல். 1995 நவம்பரில் வரையறுக்கப்பட்ட எச்டிஎம்எல் 2.0 படிவங்களைத் தரப்படுத்தியபோது நிலைமை மாறியது. எழுதும் கட்டம், தேர்வுப் பட்டியல், அனுப்பும் பொத்தான் ஆகியவை குறிகளாயின. படிப்பவர் பதில் எழுதவும் முடிந்தது. 1997இல் வர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய யூஐஎம்எல் தன் நோக்கத்தைப் பெயரிலேயே சொன்னது: பயனர் இடைமுகத்துக்கான மார்க்கப் மொழி. அது நேரான காரணப்பெயர்.

அடுத்து வந்த பெயர்களில் ஒவ்வொன்றும் ஒருவகை. மொசில்லா உருவாக்கிய ‘எக்ஸ்யூஎல்’ என்பதை ‘ஸூல்’ என்று உச்சரிப்பார்கள். 1984இல் வந்த ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில் ஸூல் என்றொரு பேய் உண்டு. அந்த மொழிக் கோப்பின் தலையில் இருக்கும் முகவரியும் படத்தின் வசனத்தைத் தழுவியதே. பயர்பாக்ஸின் ஜன்னல்களும் துணை நிரல்களும் பல ஆண்டுகள் அந்த மொழியில் எழுதப்பட்டன. 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்போடு ஸூல் துணை நிரல்களின் காலம் முடிந்தது.

மைக்ரோசாப்ட் 2003இல் அறிமுகப்படுத்திய எக்ஸ்ஏஎம்எல்லின் உச்சரிப்பு ‘ஸாமல்’. அதிலுள்ள ‘ஏ’ முதலில் அவலானைக் குறித்தது. ஆர்தர் மன்னர் கதைகளில் வரும் தீவின் பெயர் அது. மைக்ரோசாப்டின் புதிய திரைத் தொழில்நுட்பத்துக்கு அதையே உட்பெயராக வைத்திருந்தார்கள். 2006இல் தொழில்நுட்பம் வேறு பெயரில் வெளிவந்தது. அவலான் மறைந்தது, ‘ஏ’ என்ற எழுத்து ‘அப்ளிகேஷன்’ என்ற புதுக் காரணத்தை ஏற்றுக்கொண்டது. காரணம் மாறியும் பெயர் மாறவில்லை. 2004இல் வந்த மேக்ரோமீடியா பிளெக்ஸின் எம்எக்ஸ்எம்எல்லுக்கு அதிகாரபூர்வ விரிவாக்கமே தரப்படவில்லை. எழுத்துகளைப் பார்த்து நாம் ஊகிக்கலாம், அவ்வளவுதான். அது இடுகுறியாகவே வாழ்ந்தது.

க்யூஎம்எல் இன்னொரு பாடம். ‘க்யூட்’ என்ற மென்பொருள் தொகுப்பின் பெயரிலிருந்து அந்த ‘க்யூ’ வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹாவார்ட் நோர்டுக்குத் தம் எழுதுதிரையில் அந்த எழுத்து அழகாகத் தெரிந்தது என்பதைத் தவிர அதற்குக் காரணம் இல்லை. தூய இடுகுறி. அதன் ‘எம்’மும் மார்க்கப் அல்ல, ‘மெட்டா’ என்றும் ‘மாடலிங்’ என்றும் விரித்தார்கள். மார்க்கப் என்ற பொருள் நீங்கிய பிறகும் ‘எம்எல்’ என்ற ஓசை இந்தக் குடும்பத்தின் அடையாளமாக நிலைத்துவிட்டது.

எகரம் நிற்கும் இடம்

உள்ளடக்கம் வேறு, தோற்றம் வேறு என்ற கொள்கை நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை வங்க எழுத்தே காட்டும். 1935இல் ஆனந்தபஜார் பத்திரிகையின் சுரேஷ் சந்திர மஜும்தார் வங்காள லினோடைப் அச்சுக்கோப்புப் பொறியைக் கொண்டுவந்தார். ராஜசேகர் பாசு அதற்குத் துணை நின்றார். லினோடைப் விசைப்பலகையில் 90 விசைகள்தாம். கூட்டெழுத்துகள் சில நூறு கொண்ட ஒரு மொழியை அதற்குள் அடக்க வடிவங்களையே உடைத்துச் சீர்ப்படுத்த வேண்டியிருந்தது. அந்த முறையில் எழுத்து எப்படித் தெரிகிறதோ அப்படியே அடுக்க வேண்டும். வங்காளத்தில் எகரக் குறி மெய்க்கு இடப்பக்கம் நிற்கும். எனவே அது முதலில், மெய் பிறகு. தமிழிலும் ‘கெ’ என்று கோக்க அச்சுக்கோப்பவர் கொம்பை எடுத்து வைத்துவிட்டுத்தான் ககரத்தைத் தேடினார்.

யூனிகோடில் அது தலைகீழானது. ‘கொ’ என்ற எழுத்து கணினிக்குள் ககரம், பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில்தான் இருக்கிறது. கொம்பை முன்னேயும் காலைப் பின்னேயும் பிரித்து வைப்பது திரைக்கு எழுத்தை வடிக்கும் நிரலின் பொறுப்பு. ஒலியை நாம் அறிவிக்கிறோம். வடிவத்தைப் பொறி அமைக்கிறது. இது மார்க்கப்பின் அதே நெறி. அதனால்தான் ஒரே செயலியின் ஒரே திரை வங்காளத்திலும் தமிழிலும் வர முடிகிறது. பொத்தான் என்ற அறிவிப்பு மாறுவதில்லை. அதன்மேல் உள்ள சொல் மட்டும் மாறுகிறது.

அகராதியில் கண்ட சான்று

பொருளைப் பெயரிட்டுக் குறிப்பதன் தேவை அகராதியில் மிகத் தெளிவாகத் தெரியும். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியை 1980களில் கணினிக்குக் கொண்டுபோனபோது, தடித்த எழுத்தா சாய்ந்த எழுத்தா என்று மட்டும் பதிந்தால் போதவில்லை. சாய்ந்த எழுத்து ஓரிடத்தில் நூற்பெயர், ஓரிடத்தில் அயற்சொல். ஆகவே தலைச்சொல், சொற்பிறப்பு, பொருள், மேற்கோள் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் குறி இட்டார்கள். 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பு அப்படி உருவானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் பின்னாளில் கணினிக்கு வந்தது. 1926 முதல் 1936 வரை அதன் பதிப்பாசிரியராக இருந்த எஸ். வையாபுரிப்பிள்ளையின் சொந்த நூல் தொகுப்பு இன்று கொல்கத்தா அலிப்பூரில், பெல்வெடேர் வளாகத்துத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. சொற்களுக்கு எல்லை குறித்தே வாழ்ந்த அறிஞரின் நூல்கள், அச்சின் தலைநகராக இருந்த ஊரில் சேர்ந்திருப்பது பொருத்தமானது.

தமிழில் எச்டிஎம்எல்லை ‘மீயுரைக் குறியிடு மொழி’ என்கிறார்கள். சிலர் ‘குறியீட்டு மொழி’ என்று எழுதுகிறார்கள். முன்னதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. குறியீடு என்பது பொருளின் பெயர். குறியிடுதல் செயலின் பெயர். மார்க்கப்பின் காரணம் செயலில் இருக்கிறது. மேலும், குறி என்ற சொல்லுக்குத் தமிழில் ஆழமான ஒரு பொருள் உண்டு. அக இலக்கியத்தில் தலைவனும் தலைவியும் சந்திக்க முன்பே உறுதிசெய்த இடம் குறி. இரவில் என்றால் இரவுக்குறி, பகலில் என்றால் பகற்குறி. குறி செய்தவர் ஒருவர். அதை அறிந்து வருபவர் இன்னொருவர். இருவருக்கும் இடையே முன்பே ஓர் உடன்பாடு இருக்கிறது. பதிப்பாசிரியர்க்கும் அச்சுக்கோப்பவர்க்கும் இடையே இருந்தது அதுதான். நிரலாளருக்கும் திரைக்கும் இடையே இருப்பதும் அதுதான்.

பெயர் நீங்கும் காலம்

நூலும் அச்சும் செழித்த காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு அருகே சியால்டா. அங்கிருந்து சால்ட் லேக் ஐந்தாம் செக்டருக்கு 2022 ஜூலை முதல் மெட்ரோ ஓடுகிறது. செக்டர் ஃபைவ் என்றால் கொல்கத்தாவில் மென்பொருள் என்று பொருள். இந்தத் துறையில் இப்போது ‘எம்எல்’ இல்லாத திரைமொழிகள் பெருகுகின்றன. 2019இல் ஆப்பிளின் ஸ்விஃப்ட்யூஐ வந்தது. 2021இல் கூகுளின் ஜெட்பேக் கம்போஸ் முதல் பதிப்பு வந்தது. இரண்டும் அறிவிப்பு நடையைக் கைக்கொண்டன. ஆனால் கோணக்குறிகள் இல்லை, மார்க்கப் என்ற பெயரும் இல்லை. ‘கம்போஸ்’ என்பதோ அச்சுக்கோப்பதற்கான பழைய தொழிற்சொல். ஓரத்தில் குறி இட்டவரின் பெயர் விலகும்போது, எழுத்தைக் கோத்தவரின் பெயர் வந்து அமர்ந்திருக்கிறது.

பெயர் போகலாம், நெறி போகக் கூடாது. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பு நிரலின் துணையோடு கைப்பேசியைப் பயன்படுத்தும்போது, பொத்தான் என்று குறிக்கப்பட்டது ‘பொத்தான்’ என்று அவர் காதில் விழுகிறது. பொத்தான்போல வரைந்துவிட்டு, பொத்தான் என்று அறிவிக்காமல் விட்டால் அவருக்கு அங்கே எதுவும் இல்லை. ‘இது என்ன’ என்று நேர்மையாகக் குறித்துவைப்பது, நாம் அறியாத ஒருவரும் அதைப் பயன்படுத்துவார் என்ற அக்கறை. அச்சுத் தொழிலாளரிடமிருந்து கணினிக்கு வந்த பெருஞ்செல்வம் இதுதான்.

தமிழ்நாட்டில் 11ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் எச்டிஎம்எல் இருக்கிறது. அதைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினியைத் திறப்பதற்கு முன் மாணவர்களிடம் அச்சிட்ட ஒரு தாளையும் பென்சிலையும் கொடுங்கள். எழுத்தின் அளவையோ நிறத்தையோ எழுதக் கூடாது. எது தலைப்பு, எது பத்தி, எது மேற்கோள் என்று ஓரத்தில் குறித்தால் போதும் என்று சொல்லுங்கள். அந்த வகுப்பு முடியும்போது மார்க்கப் அவர்களுக்கு இடுகுறியாக இருக்காது, காரணப்பெயராகிவிடும்.